என்ஜினுக்குக் காட்டிய சூடம்

சாவியைத் திருகியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சிவனாண்டி இன்னொரு தடவை திருகினார். மறுபடியும் அதே ‘டக்’. அதற்கு மேல் கார் வாயே திறக்கவில்லை. அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கனகலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பேட்டரியைச் சாகடித்தது அவள்தான். முந்தின நாள் எல்லாரும் படுத்த பிறகு ஷெட்டுக்குள் போய், காரின் முன்விளக்கைப் போட்டுவிட்டு, ஷெட் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் புருஷனுக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் காரியம் அது. இரண்டாவது காரியம் ஒன்றும் செய்ய வேண்டி வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மகள் வெங்கடேஸ்வரி வீட்டை விட்டுப் போய் நாலு நாள் ஆகிறது. நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஹரிகிருஷ்ணனோடு போய்விட்டாள். வேறு சாதிப் பையன். அவனிடம் சொல்லும்படியான குறை அது ஒன்றுதான், அதுவும் குறை என்று நினைக்கிறவர்களுக்கு. இன்று பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, என் இஷ்டத்தில்தான் போனேன் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், போலீஸே அவர்களை வண்டியில் ஏற்றி வெளியூர் அனுப்பி வைக்கும். அதுவரை துணை யாரும் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி, கோர்ட் வாசல் வரைக்கும் வெறும் கையோடு நடந்துதான் வர வேண்டும். இந்தச் சேதி எப்படியோ சிவனாண்டியின் தம்பி கருத்தப்பாண்டியின் காதுக்கு வந்துவிட்டது.

அண்ணனும் தம்பியும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைக் கனகலட்சுமியிடம் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. நேற்று மத்தியானம் அவள் பரிமாறப் பரிமாற, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டே பேசினார்கள். கோர்ட் வாசலில் வைத்துப் பெண்ணைக் காருக்குள் இழுத்துப் போடுவது. பையன் குறுக்கே வந்தால் அங்கேயே வெட்டுவது. பெண்ணை நேராக அய்யனார் கோவில் போகிற வழியில் இருக்கும் அவர்களுடைய மாந்தோப்புக்குக் கொண்டுபோய், மரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வாயில் ஊற்றுவது. அவமானம் தாங்காமல் தானாகக் குடித்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்வது. அதற்குத்தான் கார் வேண்டும். பைக்கில் வைத்துக் கூட்டிக்கொண்டு வர முடியாது, வாடகை வண்டி பிடித்தால் டிரைவர் சாட்சியாகிவிடுவான். மருந்து டப்பா ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் சுற்றி டாஷ்போர்டில் இருந்தது. அரிவாள் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. பெற்ற பெண்ணைக் கொல்லப் போகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் கனகலட்சுமிக்கு ஆறவே இல்லை.

அவளுடைய செல்போனை நாலு நாளைக்கு முன்பே அம்மிக்கல்லில் வைத்து உடைத்தாயிற்று. வெளிக்கேட்டின் பூட்டுச் சாவி கருத்தப்பாண்டியின் சட்டைப்பையில். அவளால் ஆகக்கூடியது பதினோரு மணி வரை அந்தக் காரை நகரவிடாமல் வைத்திருப்பது ஒன்றுதான்.

“ஏட்டி, இங்க வா” என்று ஷெட்டிலிருந்து சிவனாண்டி கூப்பிட்டார்.

அவள் போனாள். அவர் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் வருவதற்கு முன்னால் அவர் முகம் எப்போதும் துடைத்துவிட்டது போலத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவள் படித்த ஒரே பாடம் அது.

“லைட்டு சுவிச்சு போட்டபடிக்கே இருக்கு. நேத்துச் சாயங்காலம் வண்டிய நிப்பாட்டினது நான். நான் அணைச்சேன்.”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

“கதவுக்கிட்ட உன் கண்ணாடி வளையல் துண்டு கெடக்கு.”

பச்சை வளையல். ஒரு கடுகளவு துண்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அறை விழுந்தது. காதுக்குள் ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தம் கிளம்பி அப்படியே நின்றது. அடுத்தது வயிற்றில் உதை. கருத்தப்பாண்டி பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான், அண்ணனுக்குக் குனிந்து அடிக்கிற சிரமம் இருக்கக் கூடாது என்பதுபோல.

“எந்தக் கை?” என்றார் சிவனாண்டி.

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்து, கார்க் கதவின் இடுக்கில் நாலு விரலையும் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினார். அவள் அலறிய அலறலில் பக்கத்துத் தெருவில் நாய்கள் குரைத்தன. மனுஷர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டு அலறல் தெருவுக்குப் பழகிப்போன ஒன்று. கதவைத் திறந்து கையை எடுத்தபோது இரண்டு விரல் நகங்கள் கதவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

வண்டியைத் தள்ளிக் கிளப்பலாமா என்று அண்ணனும் தம்பியும் பார்த்தார்கள். ஷெட் பள்ளத்தில் இருந்தது. மேடேற்ற நாலு ஆள் வேண்டும், நாலு ஆளைக் கூப்பிட்டால் நாலு வாய் பேசும். கடைசியில் சிவனாண்டி, தென்காசி ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஹுமாயூனுக்குப் போன் போட்டார். அவசரமாக ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும், வண்டி கிளம்பவில்லை, உடனே வாங்க பாய் என்றார். பேசும்போது குரலில் எவ்வளவு பணிவு, எவ்வளவு மரியாதை. கேட்டால் யாரும் கும்பிடுவார்கள்.

ஹுமாயூன் தன் பழைய வேனில் வந்து சேர்ந்தபோது மணி பத்து அடிக்கப் பத்து நிமிஷம். ஐம்பது வயது மனுஷர். இடது கண் வெள்ளை விழுந்து, அந்தப் பக்கக் கன்னம் சுருங்கிப்போய் இருக்கும். காரின் பானெட்டைத் தூக்கிப் பேட்டரியைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். ஆறு மூடியையும் ஒவ்வொன்றாகத் திருகி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“அண்ணாச்சி, இது அஞ்சு வருசப் பேட்டரி. தண்ணி அம்புட்டும் வத்திக் கெடக்கு. ஒரு செல்லு செத்தே போச்சு. கடையில இந்தச் சைசு மத்தியானம்தான் வருது. கழட்டிக் குடுங்க, சாயங்காலம் வரைக்கும் சார்ஜ்ல போட்டுப் பாக்கேன்.”

“சாயங்காலம் எனக்கு எதுக்குப் பாய்? இப்ப கிளம்பணும்.”

“அப்ப டிஸ்டில் வாட்டராவது ஊத்தணும். வீட்ல இருக்கா?”

சிவனாண்டி மனைவியைப் பார்த்தார். டிஸ்டில் வாட்டர் கேன் ஷெட் பரணில், உர மூட்டைக்குப் பின்னால் முழுசாக இருந்தது. கனகலட்சுமி சேலைத் தலைப்பில் சுற்றிய இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, “தீந்து போச்சுங்க” என்றாள். வாங்கி வரப் போனால் பத்து நிமிஷம் போகுமே என்கிற கணக்கில்தான் சொன்னாள். சிவனாண்டியோ, தண்ணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அப்படியே கிளப்புங்கள் என்றுவிட்டார்.

ஹுமாயூன் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். உதடு கிழிந்திருந்தது. தலைப்பில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் நல்ல கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கடை வைத்திருக்கிறவர் ஊரில் நாலு வீட்டுக்குப் போக வேண்டியவர், பார்த்ததையெல்லாம் பார்த்ததாக வைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடாது.

வேனைக் காருக்கு எதிரே, இடிக்காமல் ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். சிவப்புக் கேபிளையும் கறுப்புக் கேபிளையும் எடுத்தார். அதற்குள் கருத்தப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். இருந்தது சமையல்கட்டில்தான் என்றாலும், ஊரில் அவன் சொல்கிற கதைகளில் அவன் ஓட்டாத டாங்கி இல்லை.

“குடும் பாய், நான் போடுதேன். எத்தன வண்டி கிளப்பிருக்கேன்” என்று கேபிளைப் பிடுங்கினான். சிவப்பின் ஒரு முனையை வேன் பேட்டரியில் மாட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு காரின் பேட்டரியில் எது எந்த முனை என்று தேடினான். தேடிய கையில் இருந்த கவ்வி, வேனின் இரும்பில் உரசியது. ‘சட்’டென்று பொறி தெறித்தது. கருத்தப்பாண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் போய் விழுந்தான்.

ஹுமாயூன் பாய்ந்து கேபிளைக் கழற்றினார். “மொதலாளி, பொறி பேட்டரிக்கிட்ட விழுந்திருந்தா தெரியுமா? இந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு நெனச்சீங்க? பத்தொம்பது வயசுல, சார்ஜ்ல கெடந்த பேட்டரிக்கு மேல குனிஞ்சு பீடி பத்த வச்சேன். அம்புட்டுத்தான். பேட்டரி பொங்கும்போது அதுலருந்து கேஸ் வரும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் கெடையாது. தண்ணி வத்துன பேட்டரின்னா உள்ள காலி எடம் ஜாஸ்தி, அம்புட்டு கேஸும் அங்க நிக்கும். ஒரு தீப்பொறி போதும், ஆசிட்டோட வெடிக்கும். செத்த நேரம் தள்ளி நில்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

கருத்தப்பாண்டி மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தூணோரம் நின்ற கனகலட்சுமி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஹுமாயூனிடம் நீட்டினாள். சிவனாண்டி சட்டை மாற்ற வீட்டுக்குள் போயிருந்தார். கருத்தப்பாண்டி கேட்டைத் திறந்து வைக்கப் போனான். டம்ளரை அவர் வாங்கும்போது அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

“பாய், வண்டி கிளம்பக் கூடாது. எம்மகளக் கொல்லப் போறாக. சீட்டுக்கு அடியில பாருங்க.”

ஹுமாயூன் குடிக்கவில்லை. டம்ளரோடு குனிந்து, திறந்திருந்த கார்க் கதவு வழியாகச் சீட்டுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், மைமூன். அவளும் வெங்கடேஸ்வரியும் ஒரே பள்ளிக்கூடம்.

சிவனாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஹுமாயூன் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

“அண்ணாச்சி, இது கிளம்பாது. பேட்டரி சுத்தமாச் செத்துப்போச்சு. நான் போயிட்டு மத்தியானம் புதுசு கொண்டாறேன்.”

“இப்பத்தான் கிளப்பித் தாரேன்னீரு.”

“பாத்ததுக்குப் பொறவுதான தெரியுது.”

சிவனாண்டி தம்பியைப் பார்த்தார். கருத்தப்பாண்டி சீட்டுக்கு அடியில் கையை விட்டு அரிவாளை எடுத்தான். அதன் பிடியால் ஹுமாயூனின் வாயில் ஒரு இடி இடித்தான். முன்பல் ஒன்று தெறித்துக் காரின் ரேடியேட்டரில் பட்டு விழுந்தது. அடுத்த இடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். ஹுமாயூன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். அரிவாளின் வாய் அவருடைய நல்ல கண்ணுக்குக் கீழே வந்து நின்றது.

“ஒரு கண்ணு இருக்குல்ல பாய்? அது இருக்கணும்ல?” என்றான் கருத்தப்பாண்டி. “கிளப்பு.”

மணி பத்து இருபத்தைந்து. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இருபது நிமிஷம். இன்னும் நேரம் இருந்தது, கொல்ல வேண்டியவர்களுக்கு.

ஹுமாயூன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தார். கை பழக்கத்துக்கு வேலை செய்தது. சிவப்பை முதலில் காரின் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார். மறுமுனையை வேனின் பிளஸ்ஸில். கறுப்பை வேனின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையைப் பேட்டரிப் பக்கமே கொண்டுபோகாமல், தள்ளி, பெயிண்ட் இல்லாத என்ஜின் இரும்பில் கவ்வவிட்டார். இந்த நிலைமையிலும் அவருக்கு அதைத் தப்பாகச் செய்ய வரவில்லை. வேனை முறுக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்தார் என்பது கனகலட்சுமிக்குத் தெரிந்தது. ஆனால் மெதுவாகச் செய்தாலும் செய்த வேலை சுத்தம்.

பத்து முப்பத்தெட்டுக்குக் கார் இருமியது. ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ‘கடகட’வென்று ஓட ஆரம்பித்தது. கனகலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது. இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. மகள் இந்நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். ஜன்னல் கிடைக்காவிட்டால் அவளுக்கு வாந்தி வரும்.

ஹுமாயூன் மாட்டியதற்கு நேர்மாறாகக் கேபிள்களைக் கழற்றினார், முதலில் என்ஜின் இரும்பிலிருந்து கறுப்பு. பேட்டரியின் மூடிகள் வழியாக ‘தளதள’ என்று கொதிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டதும் அவர் நின்றார்.

“பேட்டரி பொங்குது. மூடிய தளத்தி விட்டிருக்கேன், கேஸ் வெளிய போகட்டும். நெருப்பு கிருப்பு கிட்ட வரப்படாது” என்றார். உடைந்த பல்லுக்கு நடுவில் சொன்னது அரைகுறையாகத்தான் வந்தது. வாயில் இடித்தவனுக்கே புத்தி சொல்கிறார். அவர் தொழில் அப்படி.

சிவனாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். காரில் ஏறப் போனவர் நின்றார்.

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆலங்குளம் போகிற வழியில், சிமெண்ட் லாரி ஒன்றோடு மோதி சிவனாண்டியின் அப்பா அங்கேயே செத்துப்போனார். வண்டி ஓட்டியது சிவனாண்டி. அன்றைக்குக் காலையில் அவசரத்தில் வண்டிக்குச் சூடம் காட்டாமல் கிளம்பிவிட்டார். காரணம் குடியா தூக்கமா என்று யாரும் கேட்கவில்லை. சூடம்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஊரைத் தாண்டுகிற எந்தப் பயணத்துக்கும் பானெட்டைத் திறந்து என்ஜினுக்கே சூடம் காட்டியாக வேண்டும். முகப்புக்கு மட்டும் காட்டினால் அரைப் பூசையாம். தட்டைப் பிடிப்பது வீட்டுப் பெண். ஆண்கள் குனிந்து, என்ஜினுக்கு மேலே சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

“ஏட்டி, சூடத்தக் கொண்டா” என்றார் சிவனாண்டி.

பெற்ற மகளைக் கொல்லப் போகிற பயணத்துக்கும் வழித்துணைக்குச் சாமி வேண்டியிருந்தது அவருக்கு. கனகலட்சுமிக்கு ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது.

“நெருப்பு வேண்டாம் அண்ணாச்சி” என்றார் ஹுமாயூன்.

“பன்னெண்டு வருசமாக் காட்டுதோம். ஒண்ணும் ஆகல. உமக்கு என்ன தெரியும் இதெல்லாம்? கேபிள எடுத்துட்டுப் போற வழியப் பாரும்.”

அவள் பூசை அறைக்குள் போனாள். ஒற்றைக் கையால் தட்டை எடுத்தாள். ஒரு கட்டி சூடம் வைக்கிற இடத்தில் டப்பாவில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். தீக்குச்சியைக் கிழிக்க இன்னொரு கை வேண்டுமே. நகம் போன விரல்களுக்கு நடுவில் தீப்பெட்டியை இடுக்கிக்கொண்டு கிழித்தாள். வலியில் கண் இருட்டியது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஹுமாயூனின் சுருங்கிப்போன கன்னம் கண் முன்னால் நின்றது. தட்டைப் பிடிக்கிறவள் அவள்தான், எல்லாரையும்விட நெருக்கமாக நிற்கப்போகிறவளும் அவள்தான். சாமி படங்களைப் பார்த்தாள். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவள் படி இறங்கி வந்தபோது ஹுமாயூன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டில் எரிகிற தீயைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“தாயி” என்றார் மெதுவாக. “வேண்டாம் தாயி.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முகப்பில் நின்று ஒரு சுற்று காட்டினாள். என்ஜினுக்கு நேரே இரண்டாவது சுற்று. பேட்டரி அவளுடைய வலது கைக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் அக்கம்பக்கமாக நின்று கைகூப்பினார்கள். கருத்தப்பாண்டி அரிவாளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

“குனிஞ்சு எடுத்துக்கிடுங்க” என்றாள்.

அவர்கள் குனிந்தார்கள். இரண்டு பேரும் கையைத் தீக்கு மேல் நீட்டினார்கள். அவள் தட்டைப் பேட்டரி மூடிகளுக்கு மேல் இறக்கினாள்.

வெடித்த சத்தத்தில் ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. பேட்டரியின் மேல்மூடி துண்டு துண்டாகப் பறந்தது. ஒரு துண்டு கருத்தப்பாண்டியின் தாடையைக் கிழித்துப் பல் தெரியத் திறந்துவிட்டுப் போனது. அவன் அரிவாளின் மேலேயே விழுந்தான். விழுந்த வேகத்தில் அது விலாவுக்குள் ஏறியது. ஆசிட் மழை மாதிரி தெறித்தது. சிவனாண்டியின் வெள்ளைச் சட்டையில் பொத்தல் பொத்தலாக விழுந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் சுவரில் போய் மோதினார், திரும்பி வந்து காரில் மோதினார். அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. எத்தனையோ தடவை அவள் கத்தியிருக்கிறாள், அதே மாதிரிதான் இருந்தது.

கனகலட்சுமி மல்லாக்கக் கிடந்தாள். தட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. வலது முழங்கை வரைக்கும், கழுத்தின் ஒரு பக்கமும் எரிந்தது. தீப்பட்ட எரிச்சல் இல்லை அது, ஏதோ உள்ளே அரித்துக்கொண்டு போகிற எரிச்சல். கண்ணைத் திறந்து பார்த்தாள். ஷெட்டின் தகரம் தெரிந்தது. கண் இருந்தது.

கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டீசல் வண்டி, பேட்டரி வெடித்துச் சிதறிய பிறகும் நிற்கத் தெரியாமல் ‘கடகட’வென்று ஓடியது. ஹுமாயூன் ஓடிவந்து உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருகி அணைத்தார். சாவியை உருவி எடுத்து, மதிலுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காட்டுக்குள் வீசினார்.

“தண்ணி” என்று கத்தினார். “தண்ணி ஊத்தணும், நெறைய ஊத்தணும்.”

கார் கழுவுவதற்காக நிரப்பி வைத்த பிளாஸ்டிக் தொட்டி ஓரமாக இருந்தது. அவள் முதலில் தன் கையையும் கழுத்தையும் அதற்குள் முக்கினாள். ஹுமாயூன் ஒரு வாளியை எடுத்துக் கருத்தப்பாண்டியின் மேல் கவிழ்த்தார். அவன் அசையவில்லை. மூச்சு மட்டும் ‘கர் கர்’ என்று வந்துகொண்டிருந்தது. அவர் போனை எடுத்து ஆம்புலன்சுக்குப் பேசினார். பேட்டரி வெடித்துவிட்டது, மூணு பேருக்கு அடி என்று சொன்னார். யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லவில்லை.

சிவனாண்டி முழங்காலில் ஊர்ந்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தார். “கனகு, கண்ணு தெரியலட்டி. தண்ணி ஊத்து, தண்ணி” என்றார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர் அது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட் திறந்துதான் கிடந்தது. அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் அவளிடம் கேட்டார்கள், அவளால் சொல்ல முடியவில்லை. அவள் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். செம்பில் மொண்டு, நெற்றியிலிருந்து கண் வழியாக ஊற்றினாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. தண்ணீரில் தோல் உரிந்து வந்தது.

“பாய், மணி என்ன?” என்றாள்.

“பத்து அம்பத்தி ஒண்ணு.”

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சிவனாண்டி நடுங்கினார், அழுதார், அம்மாவைக் கூப்பிட்டார். பஸ் வந்திருக்கும். இறங்கியிருப்பார்கள். வெங்கடேஸ்வரி பயத்தில் வேகமாக நடப்பாள், பையன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவான். பார்க்கட்டும். யாரும் வரப்போவதில்லை. தொட்டித் தண்ணீர் பாதியாகக் குறைந்தபோது மறுபடியும் மணி கேட்டாள்.

“பதினொண்ணு அஞ்சு” என்றார் ஹுமாயூன்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமே இல்லாமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அதில் துக்கம் ஒரு துளிகூட இல்லை.

சிவனாண்டியின் கை தடவிக்கொண்டே வந்து அவளுடைய நசுங்கிய கையைப் பிடித்தது. அவர் பிடித்த இடத்தில் எலும்பு நகர்ந்தது. பழைய பலம் இன்னும் அதில் இருந்தது.

“வேணும்னேதான செஞ்ச?” என்றார்.

“தட்டு தவறிப்போச்சு அண்ணாச்சி, நான் பாத்தேன்” என்று ஹுமாயூன் முந்திக்கொண்டார். “கைல அடிபட்டிருந்துச்சுல்ல, பாவம்.”

கனகலட்சுமி அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். வலது கையால் செம்பை இன்னொரு தடவை மொண்டாள்.

“ஆமா. வேணும்னேதான் செஞ்சேன்” என்றாள். “கண்ணத் தொறந்து வையிங்க. தண்ணி உள்ள போகணும்.”